மாவு டின்னுக்குள் ஒரு பிணைக்கைதி

எல் செய்போ நகர மக்களுக்கும், துக்குமான் மாகாணத்தாருக்கும், இயன்றால் வத்திக்கானுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: அந்தோணியார் திருநாளன்று காலை, கறியை மாவில் மடித்து எம்பனாடா சுட்டு விற்கும் விதவை நெலிடா பசான், தன் சமையலறை அலமாரியில் நின்ற, கல்யாண வரம் தரும் அந்தோணியாரின் கையிலிருந்து குழந்தை இயேசுவைக் கழற்றி மாவு டின்னுக்குள் ஒளித்து வைத்தாள். கோரிக்கை நிறைவேறும்வரை குழந்தை திரும்பக் கிடைக்காது.

ஜூன் அந்த ஊரில் குளிர்காலம் என்பதால் குழந்தையை ஒரு கம்பளித் துண்டில் சுற்றித்தான் வைத்தாள். பிணைக்கைதி என்றாலும் குழந்தை குழந்தைதானே.

கோரிக்கை ஒன்றே ஒன்று. கொழுந்தன் ஒஸ்வால்தோவுக்கு ஒரு பெண் அமைய வேண்டும். அமைந்த கையோடு அவள் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். வயது, அழகு, பல்வரிசை எதிலும் நிபந்தனை இல்லை.

ஒஸ்வால்தோ அண்ணனின் அடக்கத்துக்கு வந்தவன். அடக்கம் முடிந்து ஆறு வருஷம் ஆகிறது. தான் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்வான். எதிலிருந்து என்று கேட்டால் மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். வீட்டில் வெயில் வரும் ஒரே அறை அவனுடையது. நெலிடா படுப்பது அடுப்பங்கரையில், மடக்குக் கட்டிலில். முழங்கால் இரண்டும் போய்விட்டன. அவள் ஆசையெல்லாம் அந்த அறைக் கட்டிலில், ஒரே ஒரு நாளாவது, காலை வெயில் முகத்தில் விழும்வரை அசையாமல் கிடப்பதுதான்.

சிலை மாமியார் விட்டுப்போனது. துறவி, கையில் குழந்தை. அந்தோணியார் இல்லாமல் வேறு யார்? அடுப்புப் புகையில் நிறமே தெரியாமல் போயிருந்தவருக்கு, கதவுக்கு அடித்து மிஞ்சிய பழுப்புப் பெயிண்டை நெலிடாவின் கணவன் பூசிவிட்டிருந்தான். மறு கையில் வெறும் ஓட்டை. லில்லிப் பூ விழுந்துவிட்டிருக்கும் என்று நெலிடா ஒரு பிளாஸ்டிக் லில்லியை வாங்கிச் செருகினாள்.

பக்கத்து வீட்டு மிர்த்தா ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இப்போது முக்குத்தெரு ஜெபக்கூடத்துக்குப் போகிறவள். புனிதர்களோடு பேச்சுவார்த்தை இல்லை.

"ஏன்க்கா, நேரா ஆண்டவர்கிட்டயே கேட்டா என்ன? நடுவுல எதுக்கு தரகர்?"

"உன் வீட்டுக்குத் தண்ணிக் குழாய் எப்படிடி வந்துச்சு?"

"நகராட்சில எங்க மச்சான் இருக்காரு. அவர் ஒரு வார்த்தை சொல்லி…"

"மேயரை நேரா போய்ப் பாத்தியா?"

"அது வேற."

"என்ன வேற? ஆண்டவருக்கு உலகம் பூரா வேலை. அவர் முன்னாடி நின்னு இந்த ஒஸ்வால்தோ பேரைச் சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. அந்தோணியார்னா மனுஷனா இருந்து போனவர். ஊர் ஊரா நடந்து கால் வலிச்சவர். என் முழங்காலைப் பாத்தா அவருக்குப் புரியும்."

"புள்ளையைக் கடத்திட்டா புரியுமா?"

"எங்கம்மா அப்படித்தான் பண்ணாங்க. மூணே வாரத்துல எங்கப்பா வந்தார்."

"உங்கப்பாவை எனக்குத் தெரியும்க்கா. அவசரத்துல கைக்குக் கிடைச்சதை அனுப்பிட்டார் போல."

அந்த வாரமே கதவு தட்டப்பட்டது. பெண்வீட்டார் இல்லை, பள்ளித் தலைமையாசிரியை. ஜூலை ஒன்பது சுதந்திர விழாவுக்குப் பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் எம்பனாடா வேண்டும். முடியாது என்று சொல்லத்தான் நெலிடா வாயைத் திறந்தாள். ஆனால் அந்த அம்மாள், நெலிடாவின் கணவன் அடக்கத்துக்கு மலர்வளையம் அனுப்பியவள். வாய் "சரிம்மா" என்றது.

விழா முடிந்தபோது இடுப்பும் முழங்காலோடு கூட்டு சேர்ந்திருந்தது. ஒஸ்வால்தோ மிச்சமிருந்ததைத் தின்றபடி, "போன வருஷம் காரம் தூக்கலா இருந்துச்சு அண்ணி" என்றான்.

நெலிடா அந்தோணியாரைத் தலைகீழாகத் தண்ணீர் வாளிக்குள் இறக்கினாள். லில்லி மிதந்தது. மறுநாள் பார்த்தால் தண்ணீரெல்லாம் பழுப்பு. புனிதரின் அங்கி அங்கங்கே கறுத்திருந்தது.

"கோபத்துல கறுத்துட்டார்" என்றாள் மிர்த்தாவிடம். "பரவாயில்ல. ரோஷம் வந்தாத்தான் வேலை நடக்கும்."

நடந்தது. கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்த நேரம், சர்க்கரை ஆலையின் சமையல்காரர் யாரோடோ ஓடிப்போய்விட்டார். மேஸ்திரி ஹெரோனிமோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். இறந்துபோன கணவனுக்கு உயிர்நண்பர்.

"சீசன் முடியற வரைக்கும்தான், தங்கச்சி. ஆளுங்க பட்டினி."

"அண்ணே, என் முழங்கால்…"

"உக்காந்தே மடிக்கலாமே!"

நெலிடா உட்கார்ந்தே மடித்தாள். விடியுமுன் எழுந்து வெங்காயம் அரிந்தாள். அழுகை வெங்காயத்தாலா இல்லையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. ஊரில் கல்யாணங்கள் நடக்கத்தான் செய்தன. ஹெரோனிமோவின் மாமியார் கூட இரண்டாம் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டார். விருந்துச் சமையல் நெலிடா.

கடைசியில் பங்குச் சாமியார் லெயாந்த்ரோவிடம் போனாள். வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு தட்டு எம்பனாடாவோடு போனாள்.

சாமியார் சாதாரணமாகப் பேசுவதில்லை. மேடை இல்லாத இடத்திலும் மேடையில்தான் நிற்பார்.

"மகளே! நாம் புனிதர்களை வழிபடுவதில்லை. அவர்களின் பரிந்துரையை வேண்டுகிறோம். 'எனக்காக வேண்டிக்கொள்' என்று நீ தோழியிடம் கேட்பதில்லையா? அதுபோலத்தான். இறந்ததால் அவர்கள் நம்மை மறந்துவிடுவதில்லை. ஆனால் அவர்கள் நம் ஏவலாட்களும் அல்லர்!"

"அப்போ தலைகீழா நிக்க வைக்கக் கூடாதா சாமி?"

"மூடநம்பிக்கை! அஞ்ஞானம்! அப்பாவித் துறவிக்கு…" சாமியார் ஒரு எம்பனாடாவைக் கடித்தார். மேடை மெல்ல இறங்கியது. "கறிக்கு என்னம்மா போடுற, சீரகமா?"

"சீரகமும் மிளகாய்த் தூளும் சாமி."

"பதினஞ்சாம் தேதி ஆயர் வர்றார். கூட நிறைய பேர் வருவாங்க…"

வீட்டுக்கு வந்ததும் நெலிடா அந்தோணியாரை வாளியிலிருந்து எடுத்து, லில்லியைத் திரும்பச் செருகி, ஃபிரிட்ஜுக்குள் நிறுத்தினாள், முகம் சுவரைப் பார்க்க. சாயங்காலம் ஒஸ்வால்தோ அலறினான்.

"அண்ணி! பீர் பக்கத்துல யாரோ நிக்கறார்!"

"நிப்பார். உனக்கு ஒரு பொண்ணு அமையற வரைக்கும் அங்கதான்."

"எனக்கா?" ஒஸ்வால்தோ உருகிப்போனான். "எனக்காகவா இவ்வளவு கஷ்டப்படறீங்க? அவசரமே இல்ல அண்ணி. இங்க எனக்கு என்ன குறை?"

நெலிடா ஃபிரிட்ஜின் குளிரை ஒரு புள்ளி கூட்டினாள்.

அடுத்த திங்கட்கிழமை ஒஸ்வால்தோ சாவுவீட்டு முகத்தோடு வந்து நின்றான்.

"கெட்ட செய்தி அண்ணி. எனக்கு வேலை கிடைச்சிருச்சு."

பூங்கா பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவனை ஹெரோனிமோ இழுத்துப்போய் ஆலையின் எடைமேடையில் உட்கார வைத்துவிட்டாராம். "நான் ஒண்ணுமே பண்ணல அண்ணி. சத்தியமா."

நெலிடா ஃபிரிட்ஜைத் திறந்து புனிதரின் குளிர்ந்த பிடரியில் முத்தமிட்டாள். சம்பளக்காரனுக்குப் பெண் கிடைக்காமலா போகும்? அன்று முழுக்க அவளுக்கு முழங்கால் வலிக்கவில்லை.

இரவு எடைமேடைக்காரர்கள் நாலு பேரோடு ஒஸ்வால்தோ வந்தான்.

"எங்க அண்ணி கை மணத்தைச் சொன்னேன், நம்ப மாட்டேங்கிறாங்க. இனிமே தினமும் ராச்சாப்பாடு இங்கதான்னு பேசிட்டேன். அப்புறம் அண்ணி, உழைக்கிறவனுக்குக் காலைத் தூக்கம் முக்கியமாம். அறைக்குக் கெட்டியா ஒரு திரை தைச்சுப் போட்டுடுங்க. அந்த வெயில் மூஞ்சில அடிக்குது."

நெலிடா துணியை எடுத்தாள். திரையைத் தைத்தாள். கடைசித் தையலைக் கடித்துத் துண்டித்ததும் தான் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலை புனிதரைக் காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். வேறு யாராவது வைத்துக்கொள்ளட்டும்.

அன்று ஆகஸ்ட் ஏழு. கோயில் வாசலிலிருந்து தபால் நிலையம்வரை வரிசை. வேலையில்லாதவர்கள் எல்லாரும் கையில் கோதுமைக் கதிரோடு, வேலை தரும் புனிதர் கயெத்தானோவின் திருநாளில் அவரிடம் விண்ணப்பிக்க நின்றார்கள். நெலிடா ஒரு வருஷமும் இந்த வரிசைக்கு வந்ததில்லை; வேலை இல்லை என்று அவள் என்றைக்குத் தவித்தாள்? உள்ளே போக வேறு வழியில்லாததால் கடைசியில் போய் நின்றாள்.

முன்னால் நின்ற ஒல்லி மனிதன் திரும்பினான். "நீங்களும் வேலைக்குத்தானாக்கா? நான் மூணு வருஷமா வர்றேன். ஒண்ணும் அசையல."

"எனக்கு வேணாம்ப்பா. இருக்கிற வேலையைத் திருப்பி வாங்கிக்கிற புனிதர் யாராவது இருந்தா சொல்லு." பையின் வாயை விரித்துக் காட்டினாள். "இந்த அந்தோணியாரைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். கல்யாணத்தைக் கேட்டா வேலையா கொண்டுவந்து கொட்டறார். காது கேக்கல போல."

அவன் புனிதரை வெளியே எடுத்தான். தண்ணீரிலும் குளிரிலும் உரிந்த பழுப்புப் பெயிண்ட் அவன் கையோடு வந்தது. அடியில் அங்கி முழுக்கக் கறுப்பு. அவன் பிளாஸ்டிக் லில்லியைப் பிடுங்கிப் பையில் போட்டுவிட்டு, தன் கோதுமைக் கதிரை அந்த ஓட்டையில் செருகினான். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"குழந்தை எங்கக்கா?"

"மாவு டின்ல."

அவன் சிலையை மரியாதையாகத் துடைத்து அவள் கையில் கொடுத்தான்.

"இவர் கயெத்தானோக்கா. அந்தோணியாருக்கு உங்க விஷயமே இன்னும் தெரியாது."