அஷ்டமியன்று நான் கொண்டுபோன எழுத்துக் கட்டைகள்

நாலு வயதுப் பையனுக்கு விளையாட்டுச் சாமான் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பையனுக்காக வாங்குவதில்லை. பையனைப் பெற்றவர்கள் பார்த்து மெச்ச வேண்டும் என்றுதான் வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. (இருந்த வெட்கமெல்லாம் அன்றைக்கே செலவாகிவிட்டது.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசி. திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. தம்பானூரில் ஒரு லாட்ஜில் ஜாகை. வலியசாலை அக்ரகாரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பெயர் விசாலம். இன்டர்மீடியட் முடித்தவள். காபியை வைத்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், ஆள் காலி. அதற்கப்புறம் ஆபீஸில் நான் நகல் எடுத்த கடிதங்களில் பாதியை வேறு யாராவது திருப்பி எழுத வேண்டியிருந்தது.

அவள் அப்பா ரிட்டயரான கணக்கு வாத்தியார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றவர் ஒன்றரை மாதமாக யோசித்துக்கொண்டே இருந்தார். காரணம் அம்பி. மூன்று பெண்களுக்கப்புறம் பிறந்த ஒரே பிள்ளை, நாலு வயது. பெண் பார்க்கப் போன அன்று என் மூஞ்சியைக் கண்டதும், "இந்த மாமா வேண்டாம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி அலறினான். குழந்தை வாயால் இப்படி வந்துவிட்டதே என்று வாத்தியாருக்கு உறுத்தல். இதற்குள் பாலக்காட்டிலிருந்து வேறொரு வரன் வந்திருப்பதாகக் காதில் விழுந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவராத்திரி சமயம் கோவிலில் வாத்தியார் என்னைப் பார்த்தார். "அஷ்டமியன்னிக்குச் சாயங்காலம் ஆத்துக்கு வாங்கோ, பேசலாம்" என்றார்.

பேசலாம் என்றால் என்ன? சரி என்பாரா, வேண்டாம் என்பாரா? எதுவானாலும் அம்பியைக் கையில் போட்டுக்கொண்டால் பாதி ஜெயித்த மாதிரி. அதுவும் வாங்கிப் போகிற சாமான் பையன் விளையாடுகிறதாகவும் இருக்க வேண்டும், அறிவு வளர்க்கிறதாகவும் இருக்க வேண்டும். கணக்கு வாத்தியார் வீடு இல்லையா! நேரே சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன்.

கடைக்காரர் நாகர்கோவில்காரர். ஒரு தகர டமாரத்தை எடுத்து வைத்தார். "சாரே, நாலு வயசுக்கு இது போதுமாக்கும். அடிச்சா சத்தம் வரும். அவனுக்கு வேற என்ன வேணும்?"

எனக்கு வந்ததே கோபம்! குழந்தையின் மனசு, புத்தி விருத்தி என்று அவருக்குக் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பாவம், மூன்று கிராக்கிகளை அனுப்பிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மேல் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். சீமைச் சரக்கு. இருபத்தாறு மரக்கட்டைகள். ஒரு பக்கம் இங்கிலீஷ் எழுத்து, இன்னொரு பக்கம் படம், மற்றொரு பக்கம் எண். அங்கேயே உட்கார்ந்து கோபுரம் கட்டிப் பார்த்தேன். இடித்தேன். மறுபடி கட்டினேன். "குழந்தைக்குத்தானே?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

அஷ்டமி சாயங்காலம் பெட்டியோடு போய் நின்றேன். அம்பி என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். அலறல் வெளியே வருவதற்குள் பெட்டியைத் திறந்தேன்.

"ஐ, யானை!"

அடுத்த நிமிஷம் என் மடியில் இருந்தான். யானைக் கட்டை மேல் பூனைக் கட்டை, அதன் மேல் வண்டிக் கட்டை. வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பேஷ்! எழுத்தும் இருக்கு, எண்ணும் இருக்கு. விஜயதசமிக்கு இவனுக்கு எழுத்தாரம்பம். ரொம்பப் பொருத்தம்!" நான் மனசுக்குள் மாலை மாற்றி, ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் மாமி, விசாலத்தின் அம்மா, விளக்கேற்றிவிட்டு வந்தாள். "எழுத்து இருக்கா? கொண்டாங்கோ, பூஜையிலே வச்சுடலாம்."

எங்கள் ஊரில் நவமியன்று காலையில்தான் புஸ்தகங்களைச் சரஸ்வதிக்கு முன்னால் அடுக்குவோம். இங்கே அஷ்டமி அந்தியிலேயே வைத்துவிடுவார்களாம். வைத்துவிட்டால் விஜயதசமி காலை வரை எழுத்துள்ள எதையும் தொடக் கூடாது. ஆறு மாதம் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவனுக்கு இது தெரியவில்லை!

"மாமி, இது இங்கிலீஷ் எழுத்துதானே..." என்று இழுத்தேன்.

"எந்த எழுத்தானா என்ன? எல்லாம் சரஸ்வதிதான்."

வேறு வழியில்லை. என் கையாலேயே பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். மாமி அதைப் பலகையில் அடியில் வைத்து, அதன்மேல் வீட்டிலுள்ள புஸ்தகங்களையெல்லாம் அடுக்கி, முன்னால் ஒரு வெண்கல உருளி நிறைய வெல்லப் பாயசம் வைத்தாள்.

அம்பி தரையில் புரண்டான். "கொடுத்துட்டுப் பிடுங்கிண்டுட்டார்! இந்த மாமா வேண்டாம்! வேண்டவே வேண்டாம்!" வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் பாலக்காட்டு வரன் தெரிந்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வரன் கூடப் பெரிதாகப் படவில்லை. விக்கி விக்கி அழுகிற குழந்தையைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னால்தானே அழுகிறான்?

வாத்தியார் கிணற்றடிக்குக் கால் கழுவப் போனார். மாமி பூ எடுக்க உள்ளே போனாள். ஒரே ஒரு கட்டை, அந்த யானையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன? சரஸ்வதி கோபித்துக்கொள்வாளா? பெட்டி மூடியின் இடுக்கில் இரண்டு விரலை விட்டு இழுத்தேன். யானை வந்தது. கூடவே பெட்டி வந்தது. பெட்டி வந்தால் மேலே இருப்பது நிற்குமா? வாத்தியார் முப்பது வருஷம் வகுப்பில் வைத்துக்கொண்டு போதித்த கணக்குப் புஸ்தகம், ஓரமெல்லாம் அவர் கையெழுத்தோடு, தொப்பென்று பாயசத்தில் போய் உட்கார்ந்தது.

எல்லோரும் ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள். மாமி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்பி மட்டும் அழுகையை நிறுத்தி, உருளியைப் பார்த்து, என்னைப் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, மாமா, இன்னொண்ணு போடுங்கோ!"

வாத்தியார் புஸ்தகத்தைத் தூக்கினார். வெல்லம் சொட்டியது. "என்ன ஓய் இது?"

"குழந்தை அழுதான். பொறுக்கலை" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

"அவரை இருக்கச் சொல்லுங்கோ, அப்பா."

விசாலம். கையில் நாழி, உழக்கு, ஒரு முறத்தில் அரிசி. அம்பியின் முன்னால் வைத்தாள். "எத்தனை உழக்குப் போட்டா நாழி நிறையும்னு மாமாவுக்குக் காட்டுடா."

"இன்னிக்குக் கணக்குக் கூடாதே" என்றார் வாத்தியார்.

"கணக்கு எங்கே? அரிசிதானே அளக்கறோம்."

அம்பி அளந்தான். நாலு. என்னை அளக்கச் சொன்னான். அவசரத்தில் ஓர் உழக்கைத் தரையில் கொட்டி, எனக்கு ஐந்து வந்தது. "அப்பா, மாமாவுக்குக் கணக்கே வரலை!" என்று குதித்தான். வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு மகளிடம் திரும்பினார். "உன் அபிப்பிராயம் என்ன? சொல்லு."

"முப்பது வருஷமா உங்க வகுப்பிலே எத்தனை பசங்க அழுதிருப்பா? யாருக்காகவாவது நீங்க புஸ்தகத்தைக் கீழே போட்டிருக்கேளா?"

வாத்தியார் வெல்லம் சொட்டுகிற புஸ்தகத்தை மேல்துண்டால் துடைத்தார். மாமிதான், "விளக்கு அணையலை, கவனிச்சேளா? நல்ல சகுனம்" என்றாள். தை மாதம் கல்யாணம்.

இன்றைக்கும் அந்த வீட்டில் புஸ்தகம் அடுக்கும்போது முதலில் பாயசத்தை அப்புறப்படுத்துகிறார்கள். அப்புறம்தான் என்னை உள்ளே விடுகிறார்கள். அம்பிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என்னைக் காட்டி அவன் சொல்வது ஒன்றுதான்: "அந்தக் கட்டையெல்லாம் ரெண்டே மாசத்திலே தொலைஞ்சு போச்சு. அந்த நவராத்திரிக்கு எனக்குக் கிடைச்ச நிஜப் பொம்மை எங்க அத்திம்பேர்தான். ஏறி மிதிச்சாச்சு, இழுத்துப் போட்டாச்சு, இன்னும் உடையலை. இப்போ என் பசங்க விளையாடறா."