செம்மொழிக்கு இங்கிலீஷ் வருமா என்று கேட்டதற்குப் பதில்

மணல்மேடு

அன்புள்ள பஞ்சநதம் மச்சானுக்கு, ரெத்தினம் எழுதுவது. உங்கள் தங்கையின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். மஸ்கட்டில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருக்க வைத்தீஸ்வரனை வேண்டுகிறேன்.

உங்கள் கம்பெனி ரிசப்ஷன் வேலைக்கு என் மகள் செம்மொழியைச் சிபாரிசு செய்யுமுன், பிள்ளைக்கு உண்மையிலேயே இங்கிலீஷ் வருமா என்று விசாரித்துச் சொல்லக் கேட்டிருந்தீர்கள். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் தாளில் எழுதுகிறேன். அவள் கற்பதெல்லாம் நீங்கள் வாங்கித் தந்த போனில் வரும் குட்டி வீடியோக்களைப் பார்த்துத்தான். யாரோ ஒரு பெண் அடுப்படியில் நின்று பேசுகிறாள்; இவளும் போனைத் தூக்கிப் பிடித்து அதேபோல் பேசிப் படமெடுத்துப் போடுகிறாள். எனக்கு அந்த மொழி தெரியாததால், அவளோடு கூடப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டேன். நௌஷாத், "சாரை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லுங்கன்னா முறைப்பாரு அங்கிள். வீடியோ முறைக்காது" என்றான். சரிதான் என்று பட்டது. வானதி, "அதை நம்பித்தான் அங்கிள் நான் அரியர் வச்சேன்" என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது. சொல்லிவிட்டு அவள் இன்னொரு வீடியோ பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

சென்ற வாரம் திருக்கடையூரில் எங்கள் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். கோயிலுக்கு வந்திருந்த வெள்ளைக்காரம்மா ஒருவர், அண்ணன் தலையில் குருக்கள் தண்ணீர் ஊற்றுவதைக் காட்டி ஏதோ கேட்டார். இதுதான் சமயம் என்று செம்மொழியை முன்னால் தள்ளினேன். கல்லாக நின்றாள். "வீட்டுல அந்தப் பேச்சுப் பேசுவே, இப்ப பேசேன்டி" என்றாள் உங்கள் தங்கை. உடனே இவள் போனை எடுத்தாள், அந்த அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள், போனைப் பார்த்து மடை திறந்தாற்போல் பேசினாள். அந்த அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். குருக்களும் குடத்தைத் தூக்கியபடி கேட்டுக்கொண்டே நின்றுவிட, கீழே அண்ணன் ஈரத்தோடு நடுங்கினார்.

"ஏம்மா, ஆளைப் பார்த்துப் பேசக்கூடாதா?" என்றேன்.

"தப்பாப் பேசினா ஆளுங்க சிரிப்பாங்கப்பா. போன் சிரிக்காது."

இதை வரும் என்று எழுதுவதா, வராது என்று எழுதுவதா? வரும் என்றால், அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் இவள் முதுகைக் காட்டி உங்கள் பெயர் கெடும். வராது என்றால் என் பிள்ளையின் வேலை போகும். ஆகவே வரும், ஆனால் வராது. பார்த்துச் செய்யுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
ரெத்தினம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மேனேஜர் சலாஹுதீன் வீடியோ காலில் வந்துவிட்டார். செம்மொழி தங்குதடையின்றிப் பேசினாள். அவருக்குப் பரம திருப்தி. கடைசியில், "நான் அதிராம்பட்டினம்தாம்மா. இங்க வர்றவங்க முக்காவாசி நம்மூரு ஆளுங்க. நீ எந்த ஊரு?" என்று கேட்டார். போனைப் பார்த்துப் பேசும்போது இவளுக்குத் தமிழ் வரவே இல்லை. அதற்கும் இங்கிலீஷிலேயே பதில். பிள்ளைக்குத் தமிழ் தெரியுமா என்று உங்களைக் கேட்டு உறுதி செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே மேலே இங்கிலீஷ் என்று வரும் இடத்திலெல்லாம் தமிழ் என்று படித்துக்கொள்ளவும்.