நாலு பட்டன், நாலு வீடு

பழைய பெல் போர்டை ஒரே இழுப்பில் பிடுங்கிய பிறகுதான் எலக்ட்ரீஷியனுக்கு உறைத்தது. நாலு வீட்டுக்குப் போகும் நாலு ஒயரும் ஒரே சிவப்பு. எதிலும் அடையாளம் வைக்கவில்லை. மனுஷனுக்குக் கை முந்தும், புத்தி பின்னால் நடந்து வரும்.

ஒன்றாம் வீட்டம்மாதான் கட்டிடத்துக்குச் சொந்தக்காரர். "புது போர்டை ஒழுங்கா மாட்டிடுங்க தம்பி. அடுத்த தெருவுல கட்டுற பில்டிங் வேலையும் உங்களுக்குத்தான்" என்று ஆசை காட்டியிருந்தார்.

எலக்ட்ரீஷியன் மனைவிக்குப் போன் போட்டார். அவள் கணக்கு டியூஷன் எடுப்பவள்.

"முதல் பட்டனுக்கு நாலு ஒயர்ல ஏதோ ஒண்ணு. அடுத்ததுக்கு மூணுல ஒண்ணு, அப்புறம் ரெண்டு, கடைசிக்கு ஒண்ணே ஒண்ணு. பெருக்குங்க, இருபத்துநாலு. குருட்டாம்போக்குல மாட்டினா, எல்லாம் சரியா அமைய இருபத்துநாலுல ஒரு வாய்ப்பு."

"அந்த ஒண்ணு போதும்டி எனக்கு!"

மாட்டினார். ஒன்றை அமுக்கினார். மூன்றாம் வீட்டிலிருந்து, நைட் டியூட்டி முடித்து அப்போதுதான் படுத்த நர்ஸ் இறங்கி வந்தாள். நாலை அமுக்கினார். இரண்டாம் வீட்டில் குழந்தை வீறிட்டது. மற்ற இரண்டும் அதே லட்சணம்.

"நாலுமே தப்புடி!"

"நாலும் தப்பாக ஒன்பது வழி இருக்குங்க. அதுல ஒண்ணு உங்களைத் தேடி வரலைன்னாத்தான் அதிசயம்."

ஒன்றையும் மூன்றையும் மாற்றினார். ஒன்றை அமுக்கினால், நாலாம் வீட்டு முட்டிவலிக்காரர் ஒவ்வொரு படியையும் திட்டிக்கொண்டே இறங்கினார். மூன்று, மறுபடி கண்ணயர்ந்த நர்ஸுக்கே அடித்தது.

"சரியாத்தானே அடிக்குது? அப்புறம் எதுக்குய்யா கூப்பிட்டே?"

"சரியான்னு பார்க்கத்தாம்மா..."

மறுபடி மாற்றி அமுக்கினார். எங்கோ மேலே மணி அடித்தது. எந்த வீட்டில்? சொல்ல ஆளில்லை. நாலு வீட்டாரும் அவரைத் திட்டக் கீழே வந்து நின்றார்கள்.

கையெடுத்துக் கும்பிட்டு எல்லாரையும் மேலே அனுப்பினார். மாற்றினார், அமுக்கினார், ஏச்சு வாங்கினார். ஒருவழியாக ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று.

"மூணு சரின்னா நாலாவது தப்பாகவே முடியாதுங்க. அமுக்க வேண்டாம், விட்டுடுங்க" என்றாள் மனைவி போனில்.

சட்டையெல்லாம் நனைந்து, போர்டில் கடைசி ஸ்குரூவை முடுக்கினார். வீட்டம்மாவும் இறங்கி வந்து பார்த்துத் தலையாட்டினார்.

அப்போது தபால்காரர் வந்தார். பழகின கை, பார்க்காமலே இரண்டை அமுக்கியது. மேலே குழந்தை வீறிட்டது.

தபால்காரர் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார்.

"யாருங்க பெல்லைக் கெடுத்து வச்சது? பத்து வருஷமா நாலாம் வீட்டுக்கு ரெண்டு, ரெண்டாம் வீட்டுக்கு ஒண்ணுன்னு, வர்றவங்க எல்லாரும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்கோமே!"