மைனர் சிலுப்ப வேண்டும்

சினிமாவில் நடிக்கிற கிடாயை யாரும் வெட்ட மாட்டார்கள் என்று நாகராசு நம்பியதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் வல்லத்திராக்கோட்டையிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன் இப்படி நம்பலாமா?

கிடாயின் பெயர் மைனர். வெள்ளை உடம்பு, இடது கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் போகிற தோரணையைப் பார்த்து நாகராசுதான் அந்தப் பெயரை வைத்தார். அங்கேதான் தப்பு. கருப்பருக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் வரும், வந்தால் காலடியில் படுக்கும். மைனர் இரண்டையும் செய்தது. காலையில் அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றுவிட்டு, பிறகு விளையாட்டுப் பக்கத்தை மட்டும் தின்றது.

நேர்ந்தது அவர் மனைவி சின்னப்பிள்ளை. முந்திரிக்கொட்டை பொறுக்கப் போன இடத்தில் நாகராசுவை விரியன் கடித்து, ஆஸ்பத்திரியில் டாக்டரே உதட்டைப் பிதுக்கியபோது, அவள் வாசலில் நின்றுகொண்டு, "கருப்பா, இந்த மனுசன் எந்திரிச்சு நடந்து வீடு வந்துட்டா, வீட்டுல பொறக்குற மொதக் கிடாக்குட்டி ஒனக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். மனுஷன் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தார். குட்டியும் பிறந்தது. இப்போது கோயில் படையல் நெருங்கிக்கொண்டிருந்தது.

'வேண்டாம்' என்று எந்த வாயால் சொல்வது? அவர் உயிருக்குப் பதிலாக நேர்ந்த உயிர் அது. அதற்காக மைனரை வெட்டவிடுவதா? நாகராசுவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊருக்குச் சினிமாக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பழைய கதை. கிணற்றில் விழுந்த நரி, 'தண்ணி தேனா இனிக்குது' என்று ஆட்டை ஏமாற்றி உள்ளே இறக்கி, அதன் முதுகில் ஏறித் தப்பித்துப்போகும் கதை. டைரக்டர் வெற்றிசெல்வன் அதைக் குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கிற படமாக மாற்றியிருந்தார். இதில் ஆடுதான் கதாநாயகன். நிஜ நரிக்கு அனுமதி கிடைக்காததால் ஒரு நாட்டு நாய்க்கு வால் கட்டிவிட்டிருந்தார்கள். அது நடிப்பை விட்டுவிட்டு அந்த வாலைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆட்டுக்கு ஆள் தேடியபோது மைனர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேமராவுக்கு முன்னால் போய் நின்றது.

"இதான் சார் என் ஹீரோ!" என்றார் வெற்றிசெல்வன்.

நாகராசுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஷூட்டிங் இழுக்கும், படையல் தேதி தாண்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

"ஏங்க, வெள்ளிக்கெழமைக்குள்ள மைனரு வந்துருவானா?" என்று கேட்டாள் சின்னப்பிள்ளை.

"எந்த வெள்ளிக்கெழம?"

"ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்குறதப் பாரு. கருப்பரு படையலுங்க!"

"ஓ, அதுவா. சினிமாக்காரவுக விட்டா வருவான்" என்று நாகராசு வேறு பக்கம் பார்த்தார்.

ஊர் சும்மா இருக்குமா? மறுநாளே பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். மாலை போட்ட மைனர் படம். 'வெள்ளித்திரை நாயகன் மைனர், வரும் வெள்ளியன்று கருப்பருக்குக் காணிக்கை. அனைவரும் வருக.' கிணற்றடியிலேயே கூடாரம் போட்டிருந்த சினிமாக்காரர்கள் கண்ணில் மட்டும் அது படவில்லை. இதுவரை நாகராசு வீட்டுக் கிடாயை யாரும் சட்டை செய்ததில்லை. இப்போது கந்தர்வக்கோட்டையில் இருக்கிற சின்னப்பிள்ளையின் தம்பி திருமுருகன் போன் செய்தான்.

"மாமா, நாங்க வேன் பிடிச்சு வாரோம். ஹீரோ கறி திங்கிற பாக்கியம் யாருக்கு மாமா கெடைக்கும்?"

நாகராசு போனை வைத்துவிட்டு நேராக டைரக்டரிடம் ஓடினார்.

"தம்பி, வெள்ளிக்கெழம கண்டிப்பா ஷூட்டிங் வச்சிருங்க. ஊரே கோயில்ல இருக்கும். ஒரு இடைஞ்சலும் இருக்காது."

"கோயில்ல என்ன விசேஷம்?"

"கிடாவெட்டு."

"அடடா, இதைச் சொல்லாம இருந்தீங்களே! ஊர் விசேஷத்துக்குக் குறுக்க நிப்போமா? கிணத்து சீனை வியாழக்கிழமையே முடிச்சிடுறோம். வெள்ளிக்கிழமை யூனிட்டுக்கே லீவு. சார், எங்களுக்கும் சேத்து இலை போட்டுருங்க."

எந்தக் கிடாய் என்று சொல்ல நாகராசுவுக்கு நாக்கு எழவில்லை. சொன்னால், தடுக்கப் பார்த்த விஷயம் மாலைக்குள் சின்னப்பிள்ளையின் காதுக்குப் போய்விடும்.

அடுத்து அவர் பிடித்தது அருள்தாஸை. மிருகங்களைப் பழக்குகிற பையன். ஹீரோ களைத்துப்போனால் நிற்பதற்கென்று இன்னொரு வெள்ளை ஆட்டுக்கு இடது கண்ணில் கறுப்பு மை தீட்டி வைத்திருந்தான். பார்த்தால் அச்சு அசல் மைனர்.

"அருள்தாசு, இத ரெண்டு நாளைக்கு வீட்டுல கட்டிக்கிறேன்."

"எதுக்குண்ணே?"

"சும்மா ஒரு ஆசைதான்."

கூட்டிக்கொண்டு போகும்போது நாகராசுவுக்கு மனசு அறுத்தது. இதுவும் யார் வீட்டுச் செல்லமோ. ஆனாலும் கூட்டிக்கொண்டுதான் போனார். கோயிலுக்குப் போகிற கிடாய்க்கு மஞ்சள் பூச வேண்டுமென்று சின்னப்பிள்ளை கிண்ணத்தோடு வந்தாள். நெற்றியில் பூசினாள், முதுகில் பூசினாள், குனிந்தாள். நிமிர்ந்தாள்.

"ஏங்க, மைனருக்கு எப்ப மடி வந்துச்சு?"

நாகராசுவும் குனிந்து பார்த்தார். வந்துதான் இருந்தது.

"சினிமாக்காரவுக மேக்கப்பு போட்டிருப்பாக" என்றார்.

சின்னப்பிள்ளை மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட நாகராசுவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வியாழக்கிழமை கிணற்று சீன் முடிந்ததும் அவளே போய், அந்த ஆட்டை விட்டுவிட்டு, மைனரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கட்டில் காலில் இறுக்கிக் கட்டினாள்.

இனி ஒரே வழிதான் மிச்சம். வெட்டுவதற்கு முன்னால் பூசாரி கிடாயின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். கிடாய் உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று பொருள். சிலுப்பாவிட்டால் கத்தியைத் தொட மாட்டார்கள். மூன்று தடவை ஊற்றியும் சிலுப்பவில்லை என்றால் சாமிக்கு அந்த உயிர் வேண்டாம். கோயில் கிடாய் என்று காதில் துளை போட்டு விட்டுவிடுவார்கள். நேர்ந்தவர்கள் மேல் குற்றமும் இல்லை.

நாகராசு அருள்தாஸைக் கொல்லைப்பக்கம் வரச் சொல்லி, விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"தண்ணி பட்டாலும் ஆடாம அசையாம நிக்கணும் தம்பி. ஒரு மணி நேரத்துல பழக்கிறலாமா?"

அருள்தாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போச்சுண்ணே! கிணத்துலேருந்து மேல வந்து நரி மூஞ்சியில தண்ணி தெறிக்கச் சிலுப்புற சீன் இருக்குல்ல? அதுக்காக இத்தன நாளா சிலுப்பச் சிலுப்பக் கடலமுட்டாய் குடுத்துப் பழக்கினதே நான்தாண்ணே!"

"அடப்பாவி!"

"அத மறக்கடிச்சுப் பாப்போம். இனிமே சும்மா நின்னா முட்டாய்."

ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார்கள். மைனர் கொல்லை முழுக்கத் தெறிக்கும்படி சிலுப்பிவிட்டு மிட்டாய்க்கு வாயை நீட்டியது. கொடுக்கவில்லை. சந்தேகப்பட்டு இன்னும் பலமாகச் சிலுப்பியது. அதற்கும் கொடுக்கவில்லை என்றதும், வாளியில் அதுவே தலையை விட்டு நனைத்துக்கொண்டு வந்து சிலுப்பியது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள்.

"நல்ல நடிகன்ணே" என்றான் அருள்தாஸ்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. திருமுருகன் வேனோடு வந்திருந்தான். கதாநாயகன்தான் கிடாய் என்று அப்போதுதான் தெரிந்துகொண்ட டைரக்டர் பேயறைந்த மாதிரி ஒரு ஓரமாக நின்றார். சின்னப்பிள்ளை எப்போதோ வந்து, ஈரச் சேலையோடு கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். இவளுக்கு இத்தனை பக்தியா என்று நாகராசுவுக்குக் கோபம்கூட வந்தது. மாலையும் கழுத்துமாக மைனர் கூட்டத்தைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தியது. கேமரா எங்கே என்று தேடியது.

பூசாரி ஆவுடையப்பன் சொம்பை எடுத்தார்.

"கருப்பா, உத்தரவு குடு!"

தண்ணீர் விழுந்தது. நாகராசு கண்ணை மூடிக்கொண்டார். கூட்டத்தில் சத்தமில்லை. கண்ணைத் திறந்தார். மைனர் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"குடும்பத்துல யாரோ குத்தம் பண்ணியிருக்கீக. யாரு?" என்றார் பூசாரி.

"சாமி, போன வருசம் கறி பிரிக்கையில நான் ரெண்டு பங்கு வாங்கிட்டேன் சாமி!" என்று திருமுருகன் தடாலென்று விழுந்தான்.

இரண்டாவது சொம்பு. மைனர் சிலுப்பவில்லை. கண்ணைச் சொருகிக்கொண்டு ஆனந்தமாக நின்றது. கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் கேட்காமலேயே விழுந்து கும்பிட்டார்கள். அருள்தாஸ் வாயைப் பிளந்தபடி பார்த்தான்.

மூன்றாவது சொம்பு. மைனர் ஒரு கொட்டாவி விட்டது.

"சாமிக்கு வேணாமாம்ப்பா! கோயில் கிடா!" என்று பூசாரி உரக்கச் சொன்னார். கூட்டம் குலவை போட்டது. திருமுருகன் மட்டும் வேனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

நாகராசு குலுங்கிக் குலுங்கி அழுதார். என்னென்ன தில்லுமுல்லு செய்தோம், எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் சாமியே இறங்கிவந்து மைனரைக் காப்பாற்றிவிட்டதே! இந்தக் கருப்பரைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சின்னப்பிள்ள, கருப்பரு கண்ணத் தொறந்துட்டாரு புள்ள!"

"சாமி விருப்பம் அப்பிடின்னா நாம என்னங்க பண்ண முடியும்?" என்று அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, மைனரை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மதியம் எல்லோருக்கும் சாம்பாரும் வடையும் போட்டார்கள். டைரக்டர் மூன்று தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பாடு முடிந்து நாகராசு கிளம்பும்போது பூசாரி ஆவுடையப்பன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, துண்டுக்குள்ளிருந்து எதையோ எடுத்துக் கையில் திணித்தார்.

"இந்த பிளாஸ்க்க ஒம் பொண்டாட்டிகிட்ட குடுத்துரு நாகராசு. பச்சத்தண்ணி பட்டா மைனரு சிலுப்பிருவான், வெந்நியாத்தான் ஊத்தணும்னு விடியங்காட்டியே வந்து அழுது குடுத்துட்டுப் போச்சு."