வெள்ளிக்கிழமைச் சட்டியும் மூன்று துண்டு கத்தரிக்காயும்

போன வெள்ளிக்கிழமை எனக்குக் கிடைத்த வேலை ஒன்றே ஒன்றுதான். இரண்டு பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட வேண்டும்.

கோத்தா திங்கி வெள்ளத்தில் செம்பனைக் காய் ஏற்றிய லாரியை நீந்தவிட்டுக் கரை சேர்த்தவன் நான். லாரி எப்படி நீந்தும் என்று கேட்பவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை. நானும் இல்லை என்பது வேறு விஷயம். அப்பேர்ப்பட்டவனுக்குச் சோறு போடுவது ஒரு வேலையா?

வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் குமாருக்கு இது இரண்டாம் கல்யாணம். மருமகள் ஸ்டெல்லாவுக்கும் அப்படியே. மாப்பிள்ளை பக்கம் ஒரு மகள், பெண் பக்கம் ஒரு மகள். எங்கள் யாழினிக்கு ஒன்பது வயது. பொந்தியானிலிருந்து வந்த ஏஞ்சலுக்கு ஏழு.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இந்த ஒரு மாதமாக ஏஞ்சல் எங்கள் வீட்டில் தின்றது கயா ஜாம் தடவிய ரொட்டி மட்டும். சோறு வைத்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். வீடே அவளுக்கு வாய்க்கொழுப்பு என்று முடிவு செய்திருந்தது. அந்த முடிவை முதலில் எடுத்தவன் நான்.

அன்றைக்கு விடிகாலையிலேயே குமார் தினமும் போல் சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிவிட்டான். ஸ்டெல்லா வேலைக்குப் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாமா, இன்னிக்கும் இவ சாப்பிடலன்னா பொந்தியான்ல எங்க அக்கா வீட்டுல விட்டுடுறேன். லீவு நாள்ல மட்டும் கூட்டிக்கிறேன். பிள்ள பாதியா எளச்சுப் போச்சு."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது எந்தத் தாய்க்குத்தான் இஷ்டம்?

"நீ போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு நாலடி முன்னால் போகும்.

"தவக்கால வெள்ளி, கோழி வேணாம். மீன் பரவால்ல. அவளுக்கு நெத்திலின்னா உசுரு. கத்தரிக்கா சாம்பார் வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பசார் சந்தைக்குப் போய் நெத்திலி வாங்கிவந்து, கைக்குக் கிடைத்த சட்டியில் பொரித்தேன். வாசனை தூக்கியது. யாழினி வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தாத்தா, அது வெள்ளிக்கிழம சட்டி லா."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். அதற்கென்று பச்சைக் கைப்பிடி போட்ட ஒரு சட்டி. இத்தனை வருஷத்தில் அதில் மீன் பட்டதில்லை. இப்போது அரைக்கிலோ நெத்திலி அதில் குதித்துக்கொண்டிருந்தது.

"இது மீனே இல்ல. கடலுக்கடியில மொளைக்கிற ஒரு கீர" என்றேன்.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கீரைக்கு ஏன் கண்ணு இருக்கு?"

சரி, நெத்திலி ஏஞ்சலுக்காவது ஆகட்டும் என்று அவள் முன்னால் வைத்தேன்.

"வேணாம் அங்கிள்."

எழுபத்தொரு வயதில் அங்கிள். அதுவும் போகட்டும்.

"பொந்தியான்ல நல்லா சாப்பிடுவியாமே?"

"அது பொந்தியான்."

முட்டை பொரித்தேன். யாழினி அதையும் அசைவத்தில் சேர்த்தாள். ஏஞ்சல், "வேணாம் அங்கிள்." உருளைக்கிழங்கைப் போட்டுவிட்டு, கிழங்கு வேகும் நேரத்தில் நான் முதலையோடு மல்லுக்கட்டிய கதையை எடுத்துவிட்டேன். கதையில் முதலை வாயைத் திறக்கவும், அடுப்பில் கிழங்கு கரியாகவும் சரியாக இருந்தது.

மணி ஒன்றரை. மிச்சம் இருந்தது வெள்ளைச் சோறும் கத்தரிக்காய் சாம்பாரும்தான்.

"சாம்பார் வேற சட்டி, அது ஓகே. ஆனா கத்தரிக்கா வழவழன்னு இருக்கும், எனக்குப் பிடிக்காது" என்றாள் யாழினி.

"அப்படிச் சொல்லாத. அந்த மொதலைய நான் எப்படி மடக்கினேன்? கத்தரிக்கா தின்ன தெம்பு. தாத்தாவுக்குத் தெனம் கத்தரிக்கா இல்லன்னா கையே ஓடாது."

"பொய்" என்றாள் ஏஞ்சல்.

ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் முழுப் பேச்சு அப்போதுதான் வந்தது.

"நீங்க கத்தரிக்கா சாப்பிடவே மாட்டீங்க. டிஷ்யூல சுத்தி, கைலி மடிப்புல சொருகிட்டுப் போயி, பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடுவீங்க. நாங்க வந்த மொத நாளே பாத்தேன். அம்மா எல்லாருக்கும் மொத மொதல்ல சமைச்ச சாப்பாடு அது."

"அலமாக்" என்று வாயைப் பொத்தினாள் யாழினி.

"அம்மா சமைச்சத நீங்க சாப்பிடுற வரைக்கும், உங்க வீட்டுல நானும் சோறு சாப்பிட மாட்டேன்."

"இத அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா அம்மா அழுவாங்க."

ஒரு பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எழுபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகச் சரக்கு தீர்ந்துபோய்விட்டது. வீட்டில் வாய்க்கொழுப்பு யாருக்கு என்பதும் தெரிந்துபோய்விட்டது.

"எத்தன துண்டு?" என்று கேட்டேன்.

"மூணு."

"தண்ணி குடிக்கக் கூடாது. மென்னுதான் முழுங்கணும்" என்று யாழினி சட்டம் சேர்த்தாள். நேற்றுவரை ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காத இரண்டும் இப்போது ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்துவிட்டன.

முதல் துண்டு நாக்கில் நத்தை மாதிரி நகர்ந்தது. இரண்டாவது, போன வழியே திரும்பி வரப் பார்த்தது. மூன்றாவதைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

"வாயத் தொறந்து காட்டுங்க."

காட்டினேன். ஏஞ்சல் எட்டி உள்ளே பார்த்தாள். பிறகு தன் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"சோறு போடுங்க தாத்தா."

அள்ளி அள்ளிப் போட்டேன். சாம்பார் மேசையில் சிந்தியது. அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். புதிதாக வந்தவளிடம் தோற்பதா என்று யாழினியும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்து காலிச் சட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "யாரு சாப்பிட்டா?"

"எல்லாரும். ஆனா தாத்தாதான் கத்தரிக்காய கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. சட்டியவே வழிச்சாரு" என்றாள் யாழினி, கண் இமைக்காமல். என் ரத்தம், வேறென்ன.

ஏஞ்சல் ஆமாம் என்று தலையாட்டினாள். கோழிக் கதை எங்கள் மூவரோடு நின்றது.

ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "இவ்ளோ பிடிக்கும்னு தெரியாம போச்சே மாமா."

சனிக்கிழமை கத்தரிக்காய்ப் பிரட்டல். ஞாயிறு கருவாட்டோடு கத்தரிக்காய். திங்கள் பச்சடி. இன்றைக்கு எண்ணெயில் முழுசாக வதக்கியது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலியோரம் காத்திருக்கின்றன. எதிரில் ஏஞ்சல் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே என் துண்டுகளை எண்ணுகிறாள்.

அவள் இனிப் பொந்தியானுக்குப் போகப்போவதில்லை. அந்த அக்கா வீட்டில் இடம் காலியாக இருந்தால், நான் போகலாம் என்று இருக்கிறேன்.