குடும்பமா, பொருளா?

கொலொவாய்,
டோங்கா.
செவ்வாய்க்கிழமை.

என்னைவிட உயர்ந்தவனாகப் பிறந்துவிட்ட என் மருமகன் கிட்டியோனுக்கு, உன் தாய்மாமன் பெனிசிமானி தரையில் உட்கார்ந்து எழுதுவது.

இந்த வாரமும் நம் இரண்டு வீட்டாரையும் மூச்சோடு விட்டுவைத்த கடவுளுக்கு நன்றி. உன் அப்பாவைப் பெற்ற தாத்தாவை மட்டும் எடுத்துக்கொண்டார். அவருக்கும் எண்பது தாண்டிவிட்டது, குறை சொல்ல முடியாது. உன் அத்தை ஃபுசிக்கு முழங்கால்தான் வலி, நாக்கு நன்றாக இருக்கிறது. அவளும் உன்னை விசாரித்தாள். என்ன வார்த்தை சொல்லி விசாரித்தாள் என்பதைக் காகிதத்தில் எழுத முடியாது.

நீ ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்தவன். ஒரே ஒரு முறை இங்கே வந்தாய், அப்போது உனக்கு ஐந்து வயது இருக்கும். என் தலையிலிருந்த தொப்பியைக் கேட்டாய். கழற்றிக் கொடுத்தேன். ஆசைப்பட்டுக் கொடுத்ததல்ல, கொடுத்தாக வேண்டும். இங்கே அக்கா பிள்ளை தாய்மாமனைவிட உயர்ந்தவன், அவன் கை நீட்டினால் மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. கோழி, கிழங்கு, படகு, எதுவானாலும் சரி. இது இங்கே சட்டத்துக்கும் மேலே. இதை உன் அம்மா உனக்குச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் ஆப்பிள் பறிக்கப் போகும் ஆட்களின் பட்டியலில் இந்த வருஷம் என் பெயர் வந்திருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் மருத்துவப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் என் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். ஆப்பிள் அவர்களுடையது, தோட்டம் அவர்களுடையது, லாபம் அவர்களுடையது, என் நெஞ்சு ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்க்கிற செலவு மட்டும் என்னுடையது. பரவாயில்லை. புயல் கொண்டுபோன கூரைக்குப் பதிலாக இன்னும் நீலத் தார்ப்பாய்தான் கிடக்கிறது. ஒரு பருவம் பறித்தால் தகரம் போட்டுவிடலாம். அதற்காகத்தான் அந்தக் காது கிழிந்த பன்றியைப் படம் பிடித்து, ஊரில் எல்லோரும் வாங்கி விற்கிற அந்த இணையப் பக்கத்தில் போட்டேன். என் பெயரைப் போடவில்லை, 'கொலொவாய் பெரிய பன்றி' என்று மட்டும் போட்டேன். பன்றியைவிட என் பெயர் யாருக்கு வேண்டும்? அன்றைக்கே ஆக்லாந்திலிருந்து 'கிட் பிரவுன்' என்று ஒருவன் குரல் செய்தி அனுப்பினான். "மாமா, பன்னி எனக்குத்தான், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க, ஆயிரம் பாங்கா பணத்த இப்பவே போன்ல போட்டுவிடுறேன்" என்றான். மாமா என்றதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆக்லாந்துப் பையன்கள் நரைத்த தலை எதைப் பார்த்தாலும் மாமா என்பார்கள். இந்த ஒரு முறை அது நிஜமாகப் போயிற்று. அது நீதான் என்று எனக்குத் தெரியாது, இது நான்தான் என்று உனக்கும் தெரியாது. தெரியாது என்றே நம்புகிறேன். நம்பாமல் இருந்தால் தூக்கம் வராது.

அப்புறம் நீயே ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, பணம் எதுக்குன்னு ஆப் கேக்குது, குடும்பம்னு போடவா, பொருள்னு போடவா? பொருள்னு போட்டா உங்க பக்கம் கட்டணம் புடிப்பான்." நான் சிரித்துவிட்டேன். "குடும்பம்னே போடு தம்பி. இந்தத் தீவுல யாருப்பா குடும்பம் இல்ல?" என்றேன். ஆயிரமும் வந்து விழுந்தது. அதைக் கையில் எடுக்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் பெட்டியைத் திறந்து காட்டி, "இருநூறுதான் இருக்கு, மிச்சத்துக்கு அடுத்த வாரம் வா" என்றார். போனில் காசு கொழிக்கிறது, கடையில் காசு இல்லை. சரி, இருநூறை வாங்கிக்கொண்டேன். மறுநாள் பன்றியை ஏற்ற வேன் வந்தது. "யார் வீட்டுக்கு?" என்று ஓட்டுநரைக் கேட்டேன். "சாவு வீட்டுக்கு மாமா. யாரு செத்தா என்ன, பன்னி செத்துத்தானே ஆகணும்?" என்று கயிற்றைப் பிடித்தான்.

சனிக்கிழமை உன் தாத்தாவின் அடக்கம். பெண் கொடுத்த வீட்டார் நாங்கள், எங்கள் இடம் பின்பக்கம் அடுப்படிதான். துக்க வழக்கப்படி கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நின்றால் அங்கே கம்பில் கோத்து வைத்திருந்தது என் பன்றி. காதைப் பார்த்தேன், அதே கிழிசல். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பெருமைதான். காசு வாங்கி விற்ற பன்றி. அந்த இருநூறில் பாதியை உறையில் போட்டுத் துக்கக் காணிக்கையாகவும் கொடுத்திருந்தேன். கம்பைப் பிடித்துச் சுற்ற உட்கார்ந்தேன். தோல் பொன்னிறமாக வந்துகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் எடுத்துப் பார்த்தேன். 'ஆயிரம் பாங்கா திரும்பப் பெறப்பட்டது.' அதற்குக் கீழே, நான் ஏற்கெனவே எடுத்த இருநூறு பாங்கா கடன் என்று சிவப்பில் எழுதியிருந்தது. என் சட்டைப் பையில் கிடக்கிற போன் என்னையே கடன்காரன் என்கிறது! எழுந்து ஓடலாமென்றால் கம்பை யார் சுற்றுவது? நிறுத்தினால் ஒரு பக்கம் கருகிவிடும். சுற்றினேன். சிக்னல் கோளாறாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சுற்றினேன். பன்றி வெந்து, வாழையிலையில் வைத்து முன்னால் தூக்கிப் போனார்கள். அங்கே அறிவிக்கிறவர் தொண்டை கிழியக் கத்தினார்: "பெரிய பன்றி ஒன்று! ஆக்லாந்திலிருந்து பேரன் கிட்டியோன் பிரவுன்! பெரிய பன்றி!"

கூட்டம் ஆமோதித்து முனகியது. உன் அம்மா முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும். விமானத்திலிருந்து இறங்கியது முதல் அழுதுகொண்டிருந்தவள் அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்பக்கம் வந்து என்னிடம், "பாத்தியா தம்பி, என் புள்ள ரெண்டு வேலை பாத்து அனுப்பியிருக்கான்" என்றாள். நான் அக்கா முன்னால் குரல் உயர்த்தியதில்லை, குற்றம் சொன்னதில்லை, அவளிருக்கும் அறையில் கால் நீட்டிப் படுத்ததில்லை. "நல்ல பன்னிக்கா" என்றேன். பொய் இல்லை. நல்ல பன்றிதான். எனக்கும் ஒரு துண்டு வந்தது, தின்றேன்.

திங்கட்கிழமை அந்தச் செயலியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"அனுப்புனவர் உங்களுக்குச் சொந்தமா சார்?"

"அனுப்பும்போது இல்லம்மா."

"இப்போ?"

"இப்போ சொந்தம். அக்கா பையன்."

"அப்ப குடும்பம்னு போட்டது சரிதானே சார்?"

"சரிதான். ஆனா நான் பன்னிய வித்தேன்மா."

"சொந்தக்காரங்களுக்கு வித்தாலும் பொருள்னுதான் சார் போடணும். குடும்பம்னு போட்டா எங்க பாதுகாப்பு கிடையாது. அந்தப் பணம் அன்பளிப்பு மாதிரி."

"அன்பளிப்பைத் திருப்பி எடுக்கலாமா?"

"நாங்க எடுக்கல. அவரோட பேங்க் எடுத்தது. இந்தப் பணத்தை நான் அனுப்பவே இல்லன்னு சொல்லியிருக்காரு. பொருள் இப்ப எங்க இருக்கு? திரும்ப வாங்க முடியுமா?"

"கொஞ்சம் என் வயித்துலயும் இருக்கு."

அவள் மெதுவாக, "ருசியா இருந்துச்சா சார்?" என்றாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த ஃபுசி சிரிக்கவில்லை. "பன்னிய மேச்சது நான், தின்னது ஊரு, கொழுத்தது போன்" என்றாள்.

மருமகனே, நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. கிடங்கில் இரவு வேலை, பகலில் பெட்டி தூக்குகிற வேலை, வாடகை கொடுத்துவிட்டால் கையில் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். பன்றி இல்லாமல் பேரன் பெயரை எப்படிக் கத்துவார்கள் என்று நீ பயந்திருப்பாய். தேவாலயத்தில் காணிக்கை கொடுத்தவன் பெயர் படிக்கிறார்கள், சாவு வீட்டில் பெயர் கத்துகிறார்கள், கடன் வாங்கியாவது அந்தப் பெயரை நாம் அங்கே சேர்த்துவிடுகிறோம். செத்தவனை மரியாதையாகப் புதைக்க உயிரோடு இருப்பவனை விற்கிற ஊர் இது. இதைச் சபையில் எழுந்து சொன்னால் என்னையும் சேர்த்துப் புதைப்பார்கள், அதனால் உனக்கு எழுதுகிறேன். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. நீ ஏமாற்றியிருக்கவே வேண்டாம். "மாமா, கையில காசு இல்ல, பன்னி வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே கயிற்றைப் பிடித்து நடத்திக் கொண்டுபோய்க் கட்டியிருப்பேன். ஃபுசி ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாள், எனக்கும் நிம்மதி. ஆப்பிள் போயிருக்கும், போனால் போகிறது, கொடுத்தவன் என்று நிமிர்ந்து நடந்திருப்பேன். இப்போதும் ஆப்பிள் போகிறது, ஆனால் கொடுத்தவனாக இல்லை, ஏமாந்தவனாக. உனக்கு உரிமையுள்ள ஒன்றைத் திருடனைப் போல எடுத்துக்கொண்டாய். அந்தச் செயலியைச் செய்தவர்கள் எங்கேயோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, மனிதர்கள் இரண்டே வகை, ஒன்று குடும்பம், இன்னொன்று வியாபாரம் என்று முடிவு செய்துவிட்டார்கள். குடும்பத்தில் எவனும் எவனையும் ஏமாற்ற மாட்டான் என்றும் நினைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சொந்தக்காரர்களே இல்லை போலிருக்கிறது.

ஆகவே கேள். பன்றி உன்னுடையது, நான் கொடுத்ததாகவே இருக்கட்டும், பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். இனி அந்தப் போனில் ஒரு காசும் வாங்க மாட்டேன், இது சத்தியம். முக்கியமாக, இந்த விஷயம் உன் அம்மாவுக்குத் தெரியவே கூடாது. அந்தச் சனிக்கிழமை அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்படியே இருக்கட்டும்.

கடவுள் உன் முதுகையும் உன் இரண்டு வேலைகளையும் காப்பாராக. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உனக்குக் கீழ்ப்பட்ட,
தாய்மாமன் பெனிசிமானி

பி.கு.: உன் முகவரி என்னிடம் இல்லை. தபாலும் எப்போது போகுமோ தெரியாது. அதனால் வியாழக்கிழமை ஆக்லாந்து திரும்புகிற உன் அம்மாவிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். கடையில் உறை தீர்ந்துவிட்டது, சும்மா மடித்துத்தான் கொடுக்கிறேன். படிக்க வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்வேன். சின்ன வயதிலிருந்து அக்காவிடம் எதைப் படிக்காதே என்றாலும் அதைத்தான் முதலில் படிப்பாள். அவள் எதிரில் நான் ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாதுதான். ஆனால் காகிதத்தை மடித்துக் கொடுக்கக் கூடாது என்று வழக்கம் எங்கும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள், கையில் போனும் இருக்கும். அப்போது வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் மிச்சம் இருக்கும். அவள் ஏதாவது அனுப்புவதாக இருந்தால் என் பழைய எண்தான். 'பொருள்' என்று அழுத்தச் சொல். கட்டணத்தை நான் கட்டிக்கொள்கிறேன்.