மண்புழுப் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போகவும்

செம்பூர்,
திங்கட்கிழமை

சிரஞ்சீவி சாய்நாத்துக்கு, உன் அத்திம்பேர் பஞ்சு அநேக ஆசீர்வாதத்துடன் எழுதியது. இவ்விடம் நானும், உன் அக்கா பாகீரதியும், நீ விட்டுப்போன மண்புழுக்களும் சௌக்கியம். இதில் யார் அதிக சௌக்கியம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வாட்ஸப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நழுவிவிடுவாய் என்பதால் தபாலில் அனுப்புகிறேன்.

விஷயம் இரண்டு. உங்கள் தாணே காலனிப் பட்டிமன்றத்தில் 'இயற்கையைக் காப்பது மனிதனின் கடமையா?' என்ற தலைப்புக்கு நீ 'கடமையே' அணித் தலைவன் என்று தெரிந்தது. என் பெயரை 'இல்லை' அணியில் போடு. அடுத்தது, வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து உன் பெட்டியை எடுத்துக்கொண்டு போ.

"ஸ்ரீலேகா பிரசவத்துக்கு ஆஸ்திரேலியா போறேன் அத்திம்பேர், மூணே மாசம், காய்கறித் தோலைப் போட்டு மூடி வெச்சாப் போறும், தானே உரமாக்கிடும்" என்று சொல்லி அதை என் தலையில் கட்டினாய். நீ திரும்பி வந்தே மூன்று வாரமாகிறது. தாத்தா ஆன சந்தோஷத்தில் மறந்திருப்பாய், போகட்டும். முதல் நாள் பாகீரதி, "சமையல் பண்ற ஆத்துல புழுவா?" என்று கேட்டு, பெட்டியைச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டாள். அத்தோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நீ கொடுத்த அச்சடித்த காகிதத்தை உரக்கப் படித்ததுதான் நான் செய்த தப்பு. வெங்காயம் போடக் கூடாது, பூண்டு கூடாது, மசாலா கூடாது, மாமிசம் கூடவே கூடாது என்று அதில் இருந்தது. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன்னா, பூண்டுகூடத் தொடாதா அதுகள்?" என்றாள். "தொடாதாம்" என்றேன். "நம்மாத்துப் பிள்ளைகளே இவ்வளவு ஆசாரமா இல்லையேன்னா" என்று உருகிப்போய்விட்டாள். அன்று சாயங்காலமே பெட்டி பால்கனியில் துளசித் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது. அங்கே இருந்த என் சாய்வு நாற்காலி ஹாலுக்கு வந்து, ஃபிரிட்ஜ் கதவை முழுக்கத் திறக்க முடியாமல் மறித்துக்கொண்டு நிற்கிறது.

அதற்கப்புறம் என் சாப்பாட்டில் கை வைத்தாள். பீர்க்கங்காய் வாங்கினால் தோலை வதக்கித் துவையல் அரைப்பாளே, நாற்பது வருஷமாக என் இலைக்கு வந்த சமாசாரம், இப்போது அந்தத் தோல் நேரே பெட்டிக்குப் போகிறது. தோலைக் கொஞ்சம் தடிமனாகவே சீவுகிறாள், உள்ளே இருக்கிறவாளுக்குப் போறாதாம். காப்பியும் அப்படித்தான். இரண்டாம் டிகாக்ஷன் கேட்டால், "எல்லாத்தையும் இறக்கிட்டா பொடியில என்ன சாரம் இருக்கும், அதுகளுக்கும் கொஞ்சம் வேண்டாமா" என்கிறாள். நான் மனுஷன்தானே சாய்நாத், எனக்குச் சாரம் வேண்டாமா?

இனிமேல்தான் முக்கியமான கட்டம். போன ஏகாதசிக்கு உன் அக்கா உபவாசம். நானும் உபவாசம், வேறு வழி கிடையாது. புழுவும் உபவாசம். "ஒரு நாள் வயிறு காஞ்சா நல்லதுதான், புண்ணியமும் கிடைக்கும்" என்று பெட்டியை மூடிவிட்டாள். மறுநாள் துவாதசி காலையில், பாவம் பசியோடு இருக்குமே என்று, நமக்குப் போடுவதற்கு முன்னால் அதுகளுக்குப் பாரணை பண்ணி வைத்தாள். அகத்திக்கீரை, கிண்ணம் நிறைய நெல்லிக்காய்ப் பச்சடி, மேலாகத் தயிர். புளிப்பு ஆகவே ஆகாது என்று உன் காகிதத்தின் பின்பக்கத்தில் இருந்திருக்கிறது. நான் பின்பக்கம் திருப்பவில்லை. பத்து மணிக்கு வேலைக்கு வந்த வந்தனா பால்கனிக் கதவைத் திறந்து, "சாஹேப், சகளே பளூன் கேலே" என்றாள். எல்லாம் ஓடிப் போச்சாம். வெளியில் ஜூலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. பால்கனிச் சுவர், தண்ணீர்க் குழாய், துளசித் தொட்டி என்று எங்கே பார்த்தாலும் புழு. பாதிக்கு மேல் குழாய் வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கிவிட்டது.

கீழ்வீட்டு ஜோசப்ராஜை உனக்குத் தெரியும், தாராவியிலிருந்து நாலு வருஷம் முன்னால் இங்கே குடிவந்த திருநெல்வேலிக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த கையோடு தூண்டிலை எடுத்துக்கொண்டு மாஹிம் பக்கம் போகிறவர். நாங்கள் போய் நின்றபோது, தன் பால்கனியில் விழுந்ததை எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடியில் ஓட்டை குத்திக்கொண்டிருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பாகீரதிக்குக் கண் நிறைந்துவிட்டது. "துவாதசியும் அதுவுமா எங்காத்துப் புழுவை மீனுக்குப் போட்டுடாதேங்கோ" என்றாள். அவர் பொறுமையான மனுஷர். "மழைன்னா புழு வரத்தான் செய்யும் மாமி. அதுல உங்க புழு எது, ஊர்ப் புழு எதுன்னு எப்படிச் சொல்லுதிய?" என்றார். "ஒரு துண்டு வெங்காயம் கொண்டாங்கோ, எங்காத்துதானா அது தொடாது" என்றாள் உன் அக்கா.

அவர் மனைவி ஏஞ்சலம்மாள் ஒரு வெங்காயத்தை நறுக்கிக் கொண்டுவந்தார். ஈரப் பேப்பரில் புழுவைக் கொட்டி, ஒரு ஓரத்தில் வெங்காயத்தை வைத்தார்கள். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒவ்வொன்றாக எல்லாப் புழுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறு ஓரத்துக்குப் போயிற்று. ஊரில் எந்தப் புழுவாக இருந்தாலும் அப்படித்தான் போகும் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. "மாமி மொகத்தப் பாருங்க, குடுத்துருங்க. மீனு கோதும மாவுக்கும் கடிக்கும்லா" என்றார் ஏஞ்சலம்மாள். ஜோசப்ராஜ் பாட்டிலோடு கொடுத்துவிட்டார்.

மிச்சத்தைக் காம்பவுண்டில் தேடினோம். உன் அக்கா குடை பிடிக்க, நான் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். சாய்நாத், ஒன்று சொல்கிறேன், உன் அணிக்காரர்களிடம் சொல்லிவிடாதே. கையில் எடுத்ததும் ஒன்று என் விரலைச் சில்லென்று சுற்றிக்கொண்டது. ரிடையர் ஆனதிலிருந்து என்னை நம்பி ஒரு ஜீவனும் இருந்தது கிடையாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அதெல்லாம் வேறு விஷயம். கடமை என்றால் சேருகிற தேதி ஒன்று இருக்க வேண்டும், ரிடையர் ஆகிற தேதி ஒன்று இருக்க வேண்டும். இதற்கு இரண்டும் இல்லை, ஆகவே இது கடமையே இல்லை என்று மேடையில் அடித்துப் பேசப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுக்கப் பெரிய பையாகக் கொண்டு வா. ஸ்ரீலேகாவுக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் வீட்டில் எல்லாரும் மழையில் நனையாமல் தீர்க்காயுசாக இருங்கள்.

இப்படிக்கு,
அத்திம்பேர் பஞ்சு

பி.கு.: இன்று புதன்கிழமை. மழையில் தபால்பெட்டி வரை போக முடியவில்லை. இதற்குள் ஒரு விஷயம் நடந்துவிட்டது. ஐந்து வருஷமாக வெறும் குச்சியாக நின்ற நம் கறிவேப்பிலைத் தொட்டியில் பாகீரதி பெட்டியிலிருந்து இரண்டு கை உரம் போட்டிருந்தாள். இன்று காலை தளிர் விட்டிருக்கிறது. ஆகையால் பெரிய பை வேண்டாம். பெட்டி இங்கேதான் இருக்கும். வருகிறபோது ஜோசப்ராஜுக்கும் ஒரு காலிப் பெட்டி வாங்கி வா. பாதிப் புழு தருவதாக உன் அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள், ஒன்றைக்கூடத் தூண்டிலில் மாட்டுவதில்லை என்று அவரிடம் சத்தியமும் வாங்கிவிட்டாள். பட்டிமன்றத்தில் என் பெயரை உன் அணிக்கு மாற்றிவிடு. தேதி குறிக்கும்போது மட்டும் துவாதசி இல்லாத நாளாகப் பார். அன்று காலை நான் வீட்டில் இருந்தாக வேண்டும். நெல்லிக்காயை ஒளித்துவைக்க இங்கே என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.